பொங்கல் நான்கு நாளும் நினைவில் நிற்க: குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டு, எழுதி வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு வெண்கலப் பானையின் கழுத்தில் 'வே.மு. 14.6.51' என்று வெட்டியிருக்கும். உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய எழுத்து. ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் புளி போட்டுத் தேய்க்கும்போது பானை முழுக்கப் பளபளத்துவிடும். அந்தப் புள்ளிகளுக்குள் மட்டும் பச்சைக் களிம்பு நின்றுவிடும். ஈர்க்குச்சியால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். சிறு வயதிலிருந்தே அது என் வேலை. எங்கள் குடும்பத்தில் வே.மு. என்ற பெயருக்குப் பொருந்துகிறவர் யாருமே கிடையாது. ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆச்சி போய்ப் பதினொரு வருடமாகிறது.

இப்படி ஒரு பானை, ஒரு பெட்டி, ஒரு புகைப்படம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் இந்தப் பொங்கலுக்கு உங்களோடு பந்தியில் உட்காரக்கூடும். அவரிடம் எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படிக் காப்பது, நான்கு நாள் விடுமுறையை ஓட்டமும் அலுப்புமாகக் கழித்துவிடாமல் எப்படிக் கவனத்தோடு வாழ்வது என்பதை, எங்கள் வீட்டில் சில வருடங்களாகச் செய்து பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் தாமிரபரணிக் கரைப் பழக்கங்களைச் சொல்கிறேன். கொங்குப் பகுதிக்காரர்கள் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டும் நேரத்திலும், கனுப்பிடி வைக்கும் வீட்டார் அந்தக் காலையிலும் இதையே பொருத்திக்கொள்ளலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதற்கென்று தனி நிகழ்ச்சி எதையும் வைக்காதீர்கள். எல்லோரையும் கூடத்தில் வட்டமாக உட்காரவைத்து "பழைய நினைவுகளைச் சொல்லுங்கள்" என்றால் ஒருவர் தொண்டையைச் செருமுவார், இன்னொருவர் காபி போட எழுந்துவிடுவார். பனங்கிழங்கு உரிக்கும்போதும், வெல்லம் தட்டும்போதும், தேங்காய் துருவும்போதும் அதே மனிதர்கள் ஒரு மணி நேரம் பேசுவார்கள். கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். பண்டிகையில் ஏற்கெனவே இருக்கும் வேலைகளுக்குள் இதை நுழைத்துவிடுவதுதான் முழு வழிமுறையும்.

ஒரு வாரம் முன்பு: ஒரு ஆள், ஒரு கேள்வி, ஒரு நோட்டு

நூல் வைத்துத் தைத்த, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். சுருள் கம்பி நோட்டு வேண்டாம். பக்கங்கள் கிழிந்து போகும். முதல் பக்கத்தில் வருடத்தையும், யார் யார் வந்திருக்கிறார்கள் என்பதையும் எழுத இடம் விடுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து, திருப்பிக் கேட்டுப் பாருங்கள். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 60 எம்பிதான் பிடிக்கும். இடம் இல்லையென்று கவலைப்பட வேண்டியதில்லை.

அடுத்து, ஆளைத் தேர்ந்தெடுங்கள். இந்த வருடத்திற்கு ஒருவர் போதும். எல்லோரும் மூத்தவரைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது, இதுவரை யாரும் எதுவும் கேட்டிராதவரை. பெரும்பாலும் அவர் அடுப்படியில் இருப்பார். மருமகளாக வந்த பெரியம்மா, சித்தி போன்றவர்கள் வேறொரு வீட்டின் பொங்கலை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஐம்பது வருடமாக நம் வீட்டுப் பொங்கலைக் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பிறந்த வீட்டில் எப்படிப் பொங்கினார்கள் என்று நாம் கேட்டதே இல்லை.

ஆளை முடிவு செய்ததும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: "அத்தை, பொங்கலுக்கு வரும்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அந்தப் பானையைப் பற்றி." இந்த முன்னறிவிப்பு மிகவும் முக்கியம். அந்த ஒரு வாரமும் அவர் மனது பழைய இடங்களில் உலாவிக்கொண்டிருக்கும். ஒலிப்பதிவு செய்யப்போவதையும் அப்போதே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

வீட்டுப் பிள்ளைகளை இதில் ஏன் சேர்க்க வேண்டும் என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரு உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் குடும்பத்தைப் பற்றி 20 கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் என்பது போன்றவை. அதிகம் தெரிந்திருந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் அதிகமாக இருந்தது. விடைகளை மனப்பாடம் செய்யவைப்பதால் இது வராது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதைகளைச் சொல்லிக் கேட்டு வளரும் வீடு, அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசும் வீடாக இருக்கிறது.

போகி: எறிவதற்கு முன் ஒரு மணி நேரம்

போகியன்று காலை பரண் இறங்கும். பழைய பாயும் கிழிந்த துணியும் போகட்டும். தாள் கட்டுகளை மட்டும் அவசரத்தில் தள்ளாதீர்கள். மூன்று குவியல் போடுங்கள்: வைத்துக்கொள்ள வேண்டியது, கழிக்க வேண்டியது, கேட்க வேண்டியது. மூன்றாவது குவியல்தான் இந்த நாளின் அறுவடை. இன்லண்ட் கடிதங்கள், பழைய ரேஷன் கார்டு, ஜாதகக் கட்டு, கல்யாணப் பத்திரிகை, பெயர் தெரியாத முகங்கள் உள்ள படங்கள் எல்லாம் அதில் போகும்.

கறையான் விட்டுவைத்த பழைய மொய் நோட்டு கிடைத்தால் அதை இரு கையாலும் எடுங்கள். அதைவிட நல்ல குடும்ப வரைபடம் வேறு கிடையாது. எந்த ஊரிலிருந்து யார் வந்தார், எவ்வளவு வைத்தார், அவர் பெயருக்கு முன் என்ன உறவு எழுதப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு வரியும் ஒரு கதவு. எங்கள் அப்பாவின் கல்யாண மொய் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய். நடுவில் ஒரே ஒரு வரி, 'படகுக்காரர், 101'. அந்த வரியைப் படித்தவுடன் அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். ஆற்றில் பாலம் வராத காலத்தில் அவரைப் பள்ளிக்கூடத்திற்குத் தினமும் அக்கரை சேர்த்த மனிதர். அத்தனை பணம் அவர் எப்படிச் சேர்த்தார் என்று அப்பாவுக்கு அன்றுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது. கேட்க அவர் இல்லை.

படங்களைக் கையாளும்போது சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கத்தில் வரியாகத் தெரியும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பென்சில் பிடிக்காத வழவழப்பான தாளாக இருந்தால் ஒரு காகித உறையில் முதலில் எழுதிவிட்டு, பிறகு படத்தை அதில் போடுங்கள். இடமிருந்து வலமாகப் பெயர்கள், இடம், என்ன விசேஷம் என்ற மூன்றும் போதும். ஒட்டும் பக்கங்களும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள பழைய ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்த்து எடுக்கவே கூடாது. பக்கத்தை அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கைப்பேசியைப் பக்கத்திற்கு நேர் மேலே சாயாமல் பிடித்து எடுங்கள்.

அன்று இரவு: கிழங்கு உரிக்கும் நேரத்தில் கேட்பது

பொங்கலுக்கு முந்தைய இரவுதான் பேச்சுக்குச் சரியான நேரம். முற்றத்தில் அடுப்புக்கான பொங்கல் கட்டிகளுக்குச் சுண்ணாம்பும் காவியும் பூசிக் காயவைத்திருப்பார்கள். கோலம் முடிந்திருக்கும். காய்கறி நறுக்கும் வேலை மட்டும் பாக்கி. கேட்க வேண்டியவருக்குப் பக்கத்தில் நீங்களும் ஒரு அரிவாள்மனையோடு உட்காருங்கள்.

கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். நான்காக மடித்த துண்டின் மேல், பேசுபவருக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். காதுக்கு அது பெரிதாகத் தெரியாது, பதிவில் புயல் போல் கேட்கும். முதலில் நாளையும், இடத்தையும், அங்கிருப்பவர் பெயர்களையும் நீங்களே சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

"அந்தக் காலத்தில் பொங்கல் எப்படி இருக்கும்?" என்று கேட்டால் "நன்றாக இருக்கும்" என்று பதில் வரும். அத்தோடு முடிந்தது. பொருளையும் இடத்தையும் ஆளையும் தொட்டுக் கேளுங்கள்:

- நீங்கள் பிறந்த வீட்டில் பொங்கல் அடுப்பு எந்த இடத்தில், எந்தத் திசை பார்த்து இருக்கும்?
- அன்று முதலில் யார் குளிப்பார்கள்? தண்ணீர் எங்கிருந்து வரும்?
- கல்யாணமான முதல் வருடம் உங்கள் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி (பொங்கல் சீர்) யார் கொண்டு வந்தார்? எதில் வந்தார்?
- பொங்க முடியாமல் போன வருடம் உண்டா?

மூன்றாவது கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். பொங்கல்படி என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் பக்கத்துப் பெண்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். கரும்புக் கட்டும் மஞ்சள் குலையும் தோளில் சுமந்து, வரப்பில் நடந்து வந்த அண்ணனோ அப்பாவோ அவர்கள் கண் முன்னால் வந்துவிடுகிறார்.

கேட்டபின் சும்மா இருங்கள். இதுதான் மிகக் கடினம். பதில் நின்றுவிட்டது போலத் தோன்றும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் எட்டிலோ ஒன்பதிலோ அவர் மறுபடி தொடங்குவார், சொல்ல வந்ததே அதற்குப் பிறகுதான் வரும். வருடம் தப்பு, பெயர் தப்பு என்று திருத்தாதீர்கள். இரண்டு பேர் ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

பானையைப் பற்றி எழுபத்தெட்டு வயது அத்தையிடம் நான் கேட்டது அப்படி ஓர் இரவில்தான். சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "அது நம் வீட்டுப் பானையே இல்லையே" என்றாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னாள். எதிர் வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். அவளுடைய கல்யாணச் சீர்ப் பானை அது. புருஷன் கொழும்பில் கடை வைத்திருந்தான். அவளையும் கூட்டிக்கொண்டு போனான். போகிற அன்று அவள் பானையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து, "ஆறு மாதத்தில் வந்து வாங்கிக்கொள்கிறேன் அக்கா" என்று ஆச்சியிடம் கொடுத்தாள். திண்ணையிலிருந்து உள்ளே கொண்டு வைத்தது பத்து வயதுப் பெண்ணாக இருந்த அத்தைதான். அந்த அக்கா திரும்பவில்லை. கடிதமும் இல்லை. சும்மா கிடந்தால் களிம்பேறிவிடும் என்று ஆச்சி ஒரு தைக்கு அதில் பொங்கினாள். அதன் பிறகு ஒவ்வொரு தைக்கும் அதில்தான் முதல் பொங்கல். "அவள் வந்து கேட்டால் பளபளவென்று எடுத்துக் கொடுக்க வேண்டாமா என்பாள் உன் ஆச்சி."

பதிவில் அதற்குப் பிறகு நாற்பது விநாடி கிழங்கு தேய்க்கும் சத்தம் மட்டும் இருக்கிறது. அதை நான் வெட்டி எடுக்கவில்லை.

பொங்கல் காலை: பால் பொங்கும் வரை கைப்பேசி உள்ளே

அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படம் எடுத்த பொருள்கள் பார்வையாளர்களுக்குக் குறைவாகவே நினைவில் இருந்தன. ஒரு பகுதியை நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. இதிலிருந்து எங்கள் வீட்டு விதி வந்தது: பால் பொங்கி வழியும் வரை யார் கையிலும் கைப்பேசி இருக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஒருவர் மட்டும் எடுப்பார். எடுப்பவர் முழுக் கூட்டத்தை விட்டுவிட்டு அருகே போவார்: பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து, வழிந்து காய்ந்த பால்கோடு, துடுப்பைப் பிடித்த கை.

பனை ஓலை பிடித்து எரியத் தொடங்கியதும் ஒரு சொரசொரப்பான வாசனை எழும். அதை மூச்சில் வாங்கி நில்லுங்கள். வாசனை மூளையில் நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கும் பகுதிகளுக்குப் பார்வையையும் ஓசையையும்விட நேரான வழியில் போய்ச் சேர்கிறது. முப்பது வருடம் கழித்து எங்கோ ஓலை எரிந்தால் இந்த முற்றம் திரும்ப வரும். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: "நுரை எந்தப் பக்கம் வழிந்தது, அப்போது யார் முதலில் குரல் கொடுத்தார் என்று பார்த்து வை, சாயங்காலம் கேட்பேன்." 'பொங்கலோ பொங்கல்' என்று கத்துவதோடு சேர்த்து அவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். காலை மூன்று மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்குப் படுக்கும் பெண்ணுக்கு இந்தப் பண்டிகையில் கால்வலி ஒன்றுதான் நினைவாக மிஞ்சும். கவனத்தோடு நிற்கவும் நினைக்கவும் நேரம் வேண்டும். பாத்திரம் கழுவுவதையும், பரிமாறுவதையும், இலை எடுப்பதையும் ஆண்கள் பெயர் போட்டுப் பங்கிட்டுக்கொள்ளாமல் இந்த வழிகாட்டியின் மற்றப் படிகளைச் செய்வதில் அர்த்தமில்லை. பொங்குகிறவர் இருக்கும் படம் உங்கள் ஆல்பத்தில் எத்தனை இருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: நம் காலை ஆறரை மணி டொராண்டோவில் முந்தைய நாள் இரவு எட்டு மணி, சிட்னியில் பகல் பன்னிரண்டு. பொங்கும் நேரத்தில் மட்டும் பத்து நிமிடம் திரையில் கூடட்டும். நீண்ட பேச்சைப் போகி இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் ஒருவர் இல்லாத வீடு

துக்கம் நடந்த வருடம் பல குடும்பங்களில் பொங்கல் வைப்பதில்லை. பங்காளியோ பக்கத்து வீட்டாரோ கொண்டு வந்து கொடுப்பார்கள். அந்த அமைதியைக் கூச்சலால் நிரப்ப வேண்டாம். அதற்காக அவர் பெயரையே எடுக்காமல் நான்கு நாளையும் கடத்துவதும் வீட்டில் இருப்பவர்களை இன்னும் தனிமையாக்கும். அவருக்குப் பிடித்த ஒரு பண்டத்தைச் செய்யுங்கள். சாப்பிடும்போது, அவர் எதற்கெல்லாம் திட்டுவார் என்பதை யாராவது ஒருவர் தொடங்கட்டும். பெருமைகளைவிடத் திட்டுகளில்தான் அந்த மனிதரின் குரல் அப்படியே இருக்கும். யாராவது எழுந்து கொல்லைப்புறம் போனால் ஒருவர் மட்டும் பின்னால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். இந்தப் பேச்சைப் பதிவு செய்ய வேண்டாம்.

மாட்டுப் பொங்கல்

தொழுவம் உள்ள வீடுகளுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை; அங்கே வேலையே நினைவு. தொழுவம் போய்விட்ட வீடுகளில் பெரியவர்களிடம் ஒரே கேள்வி: உங்கள் வீட்டு மாடுகளின் பெயர் என்ன? பெயரோடு அதன் நிறம், கொம்பு, அதை விற்ற நாள் எல்லாம் சேர்ந்து வரும்.

காணும் பொங்கல் மாலை: நோட்டைத் திறப்பது

ஒரு அனுபவத்தை நாம் எப்படி நினைவில் வைக்கிறோம் என்பது அதன் உச்சத்தையும் முடிவையும் பெரிதும் பொறுத்தது என்று டேனியல் கானெமன் போன்ற உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் பொங்கலின் முடிவு என்ன? பெட்டி கட்டும் அவசரம், டிக்கெட்டைத் தேடுவது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற சத்தம். அதனால் பெட்டிகளை மதியமே கட்டிவிடுங்கள். மாலை ஐந்து மணிக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, அவித்த பனங்கிழங்கோடு திண்ணையில் உட்காருங்கள்.

நோட்டு கைமாறட்டும். ஒவ்வொருவரும் தம் கையாலேயே நான்கைந்து வரி எழுத வேண்டும்: இந்த முறை பார்த்தது ஒன்று, கேட்டது ஒன்று, இல்லாமல் போனது ஒன்று, அடுத்த தைக்குக் கேட்க வேண்டியது ஒன்று. தட்டச்சு வேண்டாம், கையெழுத்தும் அவர்தான். எழுத வராதவர் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை எழுதி, கீழே அவர் கைநாட்டோ ஒரு கோடோ போடட்டும். சின்னப் பிள்ளைகள் வரையலாம். என் தங்கை மகள் முதல் வருடம் எழுதியது: 'நுரை கிழக்கே போச்சு. தாத்தா அழுதார். ஏன் என்று தெரியாது.' அவர் அழுததை நாங்கள் பெரியவர்கள் எவரும் பார்த்திருக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் பாகப் பிரிவினை, வீட்டை விற்பது போன்ற பேச்சும் தலைகாட்டும். அதை நோட்டில் ஏற்றாதீர்கள். "அதற்கு ஒரு நாள் வைத்துப் பேசுவோம் அண்ணே" என்று நாளைக் குறித்துவிட்டு நோட்டை அடுத்தவர் கையில் கொடுங்கள்.

ஊர் திரும்பிய ஏழு நாட்களுக்குள்

மறதி முதல் சில நாட்களில்தான் மிக வேகமாக நடக்கிறது; ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885இலேயே தம்மையே சோதித்து இதை எழுதினார். ஆகவே ஒரு வாரத்திற்குள் பதிவைக் கேட்டுவிடுங்கள். முழுவதையும் எழுத வேண்டியதில்லை. எத்தனையாவது நிமிடத்தில் என்ன பேச்சு என்று ஒரு பக்கம் குறித்தால் போதும். கோப்புக்கு வருடம், மாதம், நாள், பேசியவர் என்ற வரிசையில் பெயர் வையுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று நகல்: ஒன்று உங்களிடம், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று வேறொரு ஊரில் உள்ள உடன்பிறந்தவர் வீட்டில். பத்துப் படங்களையாவது அச்செடுங்கள். பிறகு, சொன்னவருக்கு அவர் சொன்னதையே பெரிய எழுத்தில் ஒரு பக்கக் கடிதமாக எழுதி அனுப்புங்கள். படித்துவிட்டுத் திருத்தம் சொல்வார்; திருத்தத்தோடு இன்னொரு கதையும் வரும். "இதை வெளியில் சொல்லாதே" என்று அவர் சொன்ன பகுதி எதுவாக இருந்தாலும் அது உங்களோடு நிற்கட்டும்.

அத்தைக்கு அப்படி ஒரு கடிதம் போனது. எதிர் வீட்டு அக்காவின் பெயரை நான் தப்பாக எழுதியிருந்தேன், திருத்தினாள். திருத்திய தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பானைக்குள் வைத்திருக்கிறோம். யாராவது ஒரு நாள் வந்து கேட்டால் பானையோடு அதையும் கொடுக்க வேண்டும். பானையை எடுத்து வைக்கும்போதுதான் கவனித்தேன், அதோடு சேர்ந்தே கிடக்கும் வெண்கலக் கரண்டியின் காம்பிலும் இரண்டு எழுத்து இருக்கிறது. பாதி தேய்ந்துவிட்டது. அடுத்த தைக்கான பக்கத்தில் அதை வரைந்து, பக்கத்தில் பெரியம்மாவின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.